பாலிஷ் மெஷினை வரவழைப்பதற்கு முன்

கேள்வி: தாத்தா கட்டிய வீட்டின் கூடத்தில், டைல்ஸுக்கு அடியில் பழைய கடப்பா கல் தரை இருப்பது தெரியவந்தது. அதை மீட்டெடுக்க ஒரு கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்தேன். சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் கல் வெளிறித் திட்டுத்திட்டாகிவிட்டது. கேட்டால், "டைல்ஸைப் பேர்க்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று எடுத்தெறிந்து பேசுகிறார். அப்பா மனமுடைந்து போய்விட்டார். பாக்கியை நிறுத்தி வைத்திருக்கிறேன். வேறு ஆளை வைத்து பாலிஷ் போட்டுவிட்டு, அந்தச் செலவையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் தாத்தா கட்டிய வீடு என்பதோ, அவர் எடுத்தெறிந்து பேசியதோ வழக்குக்கு உதவாது. மன உளைச்சலுக்கான தொகையும் முதல் கோரிக்கை நின்றால்தான் வரும். டைல்ஸ் எடுத்த பிறகு, ஆசிட் ஊற்றுவதற்கு முன் கல் எப்படி இருந்தது என்று உங்களால் காட்ட முடியுமா? கேள்வி அது ஒன்றுதான். அந்த இடைவெளியில் போனில் எடுத்த படம் ஒன்று இருந்தாலும் போதும். இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், படத்தை அழிக்காதீர்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே சொல்கிறேன். டைல்ஸ் பதிக்கும்போது கலவை பிடிக்க வேண்டும் என்று பழைய தரையை உளியால் கொத்திவிடுவது வழக்கம். "அந்தக் காயம்தான் இது" என்பார்கள். கொத்திய பள்ளம் சின்னச் சின்னதாக இருக்கும். அதற்குள் பழைய சிமென்ட் அடைத்திருக்கும். ஆசிட் அரித்த இடம் அப்படியிருக்காது. வெளிறி, சொரசொரப்பாக, திரவம் ஓடிய வாட்டத்திலேயே பரவியிருக்கும். கடப்பா கல் சுண்ணாம்பு வகை, ஆசிட் பட்டால் பொங்கி அரிக்கும். விவரம் தெரிந்த பொறியாளர் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார், தரை இப்போதிருக்கும் நிலையில் இருந்தால்.

நீங்களோ பாலிஷ் போடப் போகிறேன் என்கிறீர்கள். பாலிஷ் மெஷின் கல்லின் மேற்பரப்பைத்தான் சீவி எடுக்கும். உங்கள் சாட்சியம் அந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது. அவசரப்பட்டுச் சரிசெய்துவிட்டு பில்லோடு வந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தரையை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஓர் ஆணையரை நியமிக்கும்படி மனுப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபிக்கக்கூட மாட்டார். ஆணையர் வந்து பார்த்தால் தரை பளபளவென்று இருக்கும். அதைத்தான் அறிக்கையில் எழுதுவார். கையில் மிஞ்சுவது பாலிஷ் போட்டதற்கான ரசீது. எதற்காகப் போட்டீர்கள் என்பதை அது சொல்லாது.

அதற்காகத் தரையை வருடக்கணக்கில் அப்படியே போட்டு வைக்கவும் முடியாது. நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் இழப்பீட்டைக் கணக்கிடும்போது பார்க்கச் சொல்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு. எனவே கான்ட்ராக்டருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி, அதில் ஒரு தேதி குறிப்பிட்டு, வந்து பார்க்கும்படி அவரைக் கூப்பிடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அன்றே பொறியாளரை வைத்து அறிக்கை வாங்குங்கள். அப்புறம் பாலிஷ் போடுங்கள், மோசமாக அரித்த இரண்டு மூன்று கற்களை மட்டும் தொடாமல். நுகர்வோர் ஆணையம் என்றால் 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

இன்னொன்று. கொட்டேஷனை எடுத்துப் படியுங்கள். "டைல்ஸ் எடுத்துச் சுத்தம் செய்து தருதல்" என்று மட்டும் இருந்தால், பழைய மெருகைத் திரும்பக் கொண்டுவருவதாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை; கெடுத்ததற்கு மட்டும்தான் அவரைக் கேட்க முடியும். "ஆசிட் போடலாமா?" என்று அவர் வாட்ஸ்அப்பில் கேட்டு, நீங்கள் "சரி" என்று போட்டிருந்தால் அந்தக் கோரிக்கையும் பாதி போச்சு. பாக்கியை ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால், பணம் தராமல் இருக்கச் சாக்குச் சொல்கிறீர்கள் என்று அவர் முந்திக்கொள்வார்.

படமும் இல்லை, கொட்டேஷனும் தெளிவாக இல்லை என்றால் சமரசமாகப் போய்விடுங்கள். பாக்கித் தொகை உங்கள் கையில் இருக்கிறது. பேரம் பேச அது போதும். அதை அவர் விட்டுக்கொடுத்தால், கூடுதலாகக் கேட்டு வம்பு வளர்க்காதீர்கள். இரு தரப்புக்கும் இனிப் பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.