பெட்டி வாங்க வேண்டாம், ஆசிரியை அவர்களே

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் பாலர் வகுப்பு நடத்துகிறேன். ஆறு வயதுப் பிள்ளைகள் 22 பேர். அவர்களில் ஏழெட்டுப் பேருக்குக் கையில் பென்சில் நிற்பதில்லை. எழுத்துப் புத்தகம் ஏன் காலியாக இருக்கிறது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அண்மையில் ஒரு முகவர் வந்து, கைரேகைச் சோதனையும் ‘நுண்தசைப் பயிற்சிப் பெட்டி’யும் சேர்த்துப் பிள்ளைக்கு 380 ரிங்கிட் என்றார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் தரத் தயாராக இருக்கிறது. வாங்கலாமா? வாங்காவிட்டால் வகுப்பில் என்ன செய்வது?

பதில்: வாங்க வேண்டாம்.

கைரேகைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். விரல் நுனியில் உள்ள ரேகைகள், பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஏறத்தாழ ஐந்தாம் மாதத்திற்குள் அமைந்துவிடுகின்றன. அதன்பின் ஆயுளுக்கும் மாறுவதில்லை. விரலின் வலிமையும் லாவகமுமோ இந்த மாதம் இல்லாமல் அடுத்த மாதம் வரக்கூடியவை. மாறாத ஒன்றை மையில் ஒற்றி எடுத்துவிட்டு, நாளுக்கு நாள் மாறும் ஒன்றை அளந்துவிட்டதாகச் சொல்பவரிடம் ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு தந்தை இப்படி வாங்கிய வண்ண அறிக்கை ஒன்றை என் சிகிச்சை அறைக்கு எடுத்து வந்தார். மகனுக்குக் ‘கலைஞரின் விரல்கள்’ வாய்த்திருப்பதாக அதில் அச்சடித்திருந்தது. பையன் அப்போது தன் சட்டையின் இரண்டாவது பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தான்.

பெட்டியைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பவை பெரும்பாலும் இடுக்கி, பாசிமணி, நூல் கோக்கும் அட்டை, மரக்குச்சிகள். பொருளில் பொய்யில்லை, விலையில்தான் பொய். இவற்றைச் சில்லறைக் கடையில் வகுப்பு முழுவதற்கும் சேர்த்து வாங்கினாலும் அந்த முகவர் ஒரு பிள்ளைக்குக் கேட்கும் தொகை ஆகாது. அவர் தம்மை ‘ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்’ (அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) என்று அறிமுகப்படுத்திக்கொண்டால், இத்தகைய சிகிச்சையாளர்களுக்கான 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி பெற்ற பதிவு எண்ணையும், நடப்பில் உள்ள தொழில் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். பதிவு பெற்றவர் தயங்காமல் காட்டுவார். மற்றவர்கள், ‘நான் பயிற்றுநர் மட்டும்தான்’ என்று பேச்சை மாற்றுவார்கள்.

பென்சில் ஏன் நிற்பதில்லை என்பதற்கு வருகிறேன். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. ஆறு வயதில் அவை எல்லாம் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது, சில குருத்தெலும்பாகவே இருக்கும். அதோடு விரல் தனியாக வேலை செய்வதில்லை. தோள் நிலைத்தால்தான் மணிக்கட்டு நிலைக்கும், மணிக்கட்டு நிலைத்தால்தான் விரல் நுனி நகரும். அதனால் அந்த ஏழெட்டுப் பேரின் பாதங்கள் தரையில் ஊன்றியிருக்கின்றனவா என்று நாளைக் காலை குனிந்து பாருங்கள். கால் தொங்கும் பிள்ளை விழாமல் இருப்பதற்கே பாதிப் பலத்தைச் செலவிட்டுவிடும். பழைய தொலைபேசிப் புத்தகங்களையோ பால்மாவு டின்களையோ காலடியில் வையுங்கள். இதற்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை.

அடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு கூட்டல் குறி, ஒரு சதுரம், ஒரு முக்கோணம் பார்த்து வரையச் சொல்லுங்கள். கூட்டல் குறி சுமார் நான்கு வயதிலும், சதுரம் நான்கரையை ஒட்டியும், முக்கோணம் ஐந்தை ஒட்டியும் வரும். சதுரமே வராத பிள்ளையிடம் ‘அ’ எழுதச் சொல்வது, நடக்காத பிள்ளையைப் படியேறச் சொல்வதுதான். அப்பிள்ளைக்கு முதலில் ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளைக் கொடுங்கள். சுழியுள்ள எழுத்துகள் காத்திருக்கட்டும். நம் பிள்ளைகள் தமிழ் வரிவடிவம், ரோமன் வரிவடிவம் இரண்டையும் ஒரே நேரத்தில் கற்கிறார்கள். பாலர் கலைத்திட்டம் நுண்தசைத் திறனை வளர்க்கச் சொல்கிறது. பள்ளிகளோ ஆரம்பப் பள்ளி முதலாம் ஆண்டின் பயிற்சித்தாளை ஓராண்டு முன்னதாக நீட்டுகின்றன. அந்த அவசரத்தின் விளைவைத்தான் என்னைப் போன்றவர்கள் ஏழாவது வயதில் பார்க்கிறோம்.

வகுப்பில் செய்ய வேண்டியதற்கு ஒரே ஒரு விளையாட்டைச் சொல்லச் சொன்னால், மலாய்க்காரர்களின் குழி விளையாட்டான சொங்காக் என்பேன். நம் பாட்டிமாரின் பல்லாங்குழியும் அதே வேலையைச் செய்யும். கையில் அள்ளிய விதைகளை, மற்றக் கையின் உதவியின்றி, பெருவிரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி ஆள்காட்டி விரலின் நுனிக்குக் கொண்டுவந்து, குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் மிச்ச விதைகளை மூடிப் பிடித்திருக்க, மற்ற மூன்றும் உழைக்கின்றன. பென்சில் பிடிக்கும்போதும் விரல்களுக்குள் இதே வேலைப் பிரிவினைதான். தொடக்கத்தில் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள். விதையை நெஞ்சில் அணைத்துத் தள்ளுவார்கள், அல்லது இடக்கையை மெல்ல நீட்டுவார்கள். குழிக்கு வழக்கமாக வைக்கும் ஏழு விதை அந்தக் கைக்கு அதிகம் என்று அதற்குப் பொருள். மூன்றில் தொடங்கி, சிந்தாமல் போடுகிற அன்று நான்காக்குங்கள்.

தீபாவளிக்கு மட்டும் செய்கிற வண்ண அரிசிக் கோலத்தை வாரம் ஒரு முறை செய்யலாம். அரிசியை அள்ளிக் கொட்டவிடாமல், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த சிட்டிகையால் மட்டும் கோட்டின் மேல் தூவச் செய்யுங்கள். மாவு பிசைவதற்கு மைதா இரண்டு கப், உப்பு ஒரு கப், சிறிது எண்ணெய், தண்ணீர் ஒரு கப்பை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சங்கொஞ்சமாக. நம் ஊர் ஈரக்காற்றில் பிசுபிசுத்துவிடும் என்பதால் குளிர்பெட்டியில் வையுங்கள். தவுகேயின் (முளைகட்டிய பயறு) வேர் கிள்ளுவதும், செடிக்குத் தெளிப்பான் அழுத்தித் தண்ணீர் விடுவதும் நல்லவை. தாளை மேசையில் வைக்காமல் சுவரில் ஒட்டி வரையச் சொன்னால் மணிக்கட்டு தானாகவே சரியான நிலைக்கு நிமிரும். புது வண்ணக்கோல்களை இரண்டு மூன்றாக உடைத்துக் கொடுங்கள். மனத்துக்கு வலிக்கும், ஆனால் துண்டுக் கோலை முழுக் கையால் பிடிக்க இடமிருக்காது. எழுதுவதற்கு முன் நாள்தோறும் 15 நிமிடம் இப்படிப் போனால் போதும்.

கத்தரிக்கோலை முதலில் நீங்களே வெட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ‘பிள்ளைக்குப் பாதுகாப்பானது’ என்று விற்கும் பலவும் தாளை வெட்டாமல் மடிக்கின்றன. பிள்ளை தன் கைதான் மோசம் என்று நினைத்துக்கொள்ளும்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் 22 பேரில் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும் என்பதால் சொல்லாமல் விடமாட்டேன். சாப்பாட்டுக்கு எந்தக் கை என்பது வீட்டுப் பழக்கம். எழுதும் கையை மாற்றுவது வேறு. ‘பீச்சாங்கை’ என்ற சொல் உங்கள் வகுப்பில் காதில் விழக்கூடாது. அப்பிள்ளையை மேசையின் இடது ஓரத்தில் அமர்த்துங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு நாள் முழுதும் இடிபடும். தாளை உடம்பின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி, மேல்விளிம்பு வலப்பக்கம் சாயுமாறு வையுங்கள். பென்சிலை நுனியிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் மேலே பிடிக்கக் கற்பித்தால், எழுதியது கைக்குக் கீழே மறையாது, கலையவும் செய்யாது. படுக்கைக் கோட்டை வலமிருந்து இடமாக இழுத்தால் திருத்தாதீர்கள். அது அந்தக் கைக்கு இயல்பு. இடக்கைக் கத்தரிக்கோல் தனியாக உண்டு. வலக்கைக் கத்தரிக்கோலின் மேல் அலகு இடக்கைப் பிள்ளைக்கு வெட்ட வேண்டிய கோட்டையே மறைத்துவிடும். இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பிள்ளைக்குப் பொருள்களை நேர் நடுவில் வைத்து, எந்தக் கை முதலில் நீள்கிறது என்று சில வாரம் குறித்து வாருங்கள். தீர்ப்பை அந்தக் கையே சொல்லட்டும்.

இரண்டு பருவம் இப்படிச் செய்தும் பொத்தான், கரண்டி, கத்தரி மூன்றிலும் திணறும் பிள்ளையை அரசாங்க சுகாதார மருந்தகத்திற்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருந்து மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். சந்திப்பு நாள் உடனே கிடைக்காது. முகவர்கள் பிழைப்பதே அந்தக் காத்திருப்பில்தான். முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போன பிள்ளைக்கு மட்டும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

எழுத்துப் புத்தகம் காலி என்ற புகாருக்கு வழி எளிது. பிள்ளை வெட்டிய தாள்துண்டு, சுவரில் வரைந்த முக்கோணம், சிட்டிகையால் தூவிய கோலத்தின் படம் ஆகியவற்றைத் தேதியிட்டு அதே புத்தகத்தில் ஒட்டி, மாத இறுதியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.