மத்தியத் திடலில் யாருக்குப் பக்கத்தில் யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாமாக் கடையில் உட்கார்ந்தாலே எங்களுக்குள் இதே சண்டைதான். இங்கிலாந்துக்கு நடுவில் ஆடியவர்களில் யார் சிறந்தவர், லிவர்பூலின் ஜெரார்டா, செல்சியின் லம்பார்டா? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள் ஐயா. (செந்தூல் வாசகர்)

தனி ஆளாகப் பார்த்தால் எனக்கு ஜெரார்டைத்தான் பிடிக்கும். ஆனால் தற்காப்புக்கு முன்னால் நின்று காக்கிற ஒருவர் என் அணியில் ஏற்கெனவே இருந்தால், லம்பார்டைத்தான் எடுப்பேன். மழுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

லம்பார்ட் செல்சிக்காக 211 கோல் அடித்தார். அந்தக் கிளப்பில் அதுதான் சாதனை, அதுவும் ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரர்! பந்து ஓரத்தில் இருக்கும்போது, கோல் கம்பத்துக்கு முன்னால் உள்ள பெட்டிக்கு வெளியே காத்திருப்பார். தற்காப்பு ஆட்டக்காரர்கள் பந்தையே பார்க்கிற நொடியில் உள்ளே புகுந்துவிடுவார். அவர் விட்டுவிட்டு வந்த இடத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே? 2004-05, 2005-06 என்று செல்சி அடுத்தடுத்து லீக்கை வென்றபோது அங்கே நின்றவர் மக்கெலெலே.

ஜெரார்டுக்கும் அப்படித்தான். 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் மலேசிய நேரம் அதிகாலை 2.45க்குத் தொடங்கியது. விழித்திருந்து பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. முதல் பாதி முடிவில் லிவர்பூலுக்கு எதிராக மிலான் 3-0 என்று முன்னால் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு லிவர்பூலின் ஹாமான் இறங்கித் தற்காப்புக்கு முன்னால் நின்றார், ஜெரார்ட் முன்னேறிப் போக வழி கிடைத்தது. 54ஆவது நிமிடத்தில் ஜெரார்ட் தலையால் முட்டி ஒரு கோல், அடுத்த ஆறே நிமிடத்தில் 3-3. எல்லோரும் ஜெரார்டைப் பற்றிப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த ஆட்டத்தை ஹாமான் இல்லாமல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இங்கிலாந்து இந்த இருவரையும் பல வருடம் நடுவில் ஜோடியாக நிறுத்தியது. இருவருக்குமே முன்னால் ஓடத்தான் ஆசை. ஒருவர் போனால் மற்றவர் தங்க வேண்டும், தங்குகிறவரின் பலம் அங்கேயே முடங்கிவிடும். 2004 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கிண்ணப் போட்டியில், இவர்களுக்கு இடம் கொடுக்க இன்னொரு மத்தியத் திடல் ஆட்டக்காரரான ஸ்கோல்ஸை இடது ஓரத்துக்குத் தள்ளினார்கள். மூவரில் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மிக நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அந்தப் போட்டியோடு தேசிய அணியை விட்டு விலகிவிட்டார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

6, 8, 10 என்று எண்ணை வைத்துப் பேசுகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்? (கெப்போங் வாசகர்)

தற்காப்புக்கு முன்னால் நிற்பவர் 6, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஓடி உழைப்பவர் 8, தாக்குதல் ஆட்டக்காரருக்குப் பின்னால் நின்று பந்து கொடுப்பவர் 10. சட்டையில் வேறு எண் இருக்கலாம், வேலையின் பெயர்தான் இது. அர்ஜென்டினாவில் நம்முடைய 6 செய்யும் வேலையை 5 என்பார்கள்.

ரோட்ரி இல்லாமல் மென்செஸ்டர் சிட்டி எப்படிச் சரிந்தது பார்த்தீர்களா? ஒரே ஆளால் இவ்வளவு வித்தியாசம் வருமா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

வரும். ரோட்ரிதான் சிட்டியின் 6. 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அடுத்த மாதமே, உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது அவருக்குக் கிடைத்தது. தொடர்ந்து நான்கு முறை லீக்கை வென்ற அணி அந்தப் பருவத்தில் மூன்றாம் இடத்தில் முடித்தது. முழுக் காரணமும் அதுதான் என்று சொல்ல மாட்டேன். வேறு சிலருக்கும் காயம், அணிக்கு வயதும் ஆகியிருந்தது.

ஆனாலும் சிட்டி ஆடும் முறையைப் பாருங்கள். பந்து தங்களிடம் இருக்கும்போது பாதி அணி எதிரணியின் பெட்டியைச் சுற்றி நிற்கும். பந்து பறிபோனால் அடுத்த சில வினாடிகளில் எதிர்த்தாக்குதலை முளையிலேயே கிள்ள ஒருவர் சரியான இடத்தில் இருந்தாக வேண்டும். ரோட்ரியின் இடத்தில் ஆடிய கொவாசிச் நல்ல ஆட்டக்காரர், பந்தோடு எதிரியைத் தாண்டி ஓடுவதில் கெட்டிக்காரர். ஆனால் ஓடத் தெரிந்தவரை நிற்கச் சொன்னால் இரண்டுமே கெட்டுப்போகும்.

இதை ரியல் மட்ரிட் பட்டுத் தெரிந்துகொண்டது. 2003இல் பெக்கமை வாங்கிய அதே கோடையில் மக்கெலெலேயை விற்றார்கள். ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, ராவுல் எல்லோரும் இருந்தும் அடுத்த லீக் பட்டம் 2007இல்தான் வந்தது. பின்னாளில் கஸெமிரோவைப் பின்னால் நிறுத்தி, குரூஸையும் மொட்ரிச்சையும் அவருக்கு முன்னால் ஆடவிட்டார்கள். 2016, 2017, 2018 என்று மூன்று சாம்பியன்ஸ் லீக்! அந்த மூவரில் யார் சிறந்தவர் என்று என்னிடம் கேட்டு வராதீர்கள். ஒருவரை எடுத்தால் மற்ற இருவரும் குறைந்துபோவார்கள்.

என் மகனுக்கு 13 வயது. நடுவில் ஆட ஆசைப்படுகிறான். உயரம் போதாது என்று பள்ளி அணியில் ஓரத்தில் நிறுத்துகிறார்கள். மனம் உடைந்துபோய் இருக்கிறான். (ஜெலுத்தோங், பினாங்கு, ஒரு தாய்)

சகோதரி, பையனிடம் இரண்டு பெயரைச் சொல்லுங்கள். ஸாவியின் உயரம் 170 சென்டிமீட்டர், கான்டேவுக்கு 168. ஸாவி உலகக் கிண்ணம் வென்றார். கான்டே 2016இல் லெஸ்டரோடும் 2017இல் செல்சியோடும் லீக்கை வென்று, 2018இல் உலகக் கிண்ணத்தையும் தூக்கினார்.

நடுவில் ஆடுகிறவனுக்கு உயரத்தைவிட முக்கியம் கழுத்து. ஓரத்தில் நின்றால் ஒரு பக்கம் கோடு, மறுபக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். நடுவில் முதுகுக்குப் பின்னாலிருந்தும் ஆள் வருவான். பந்து வருவதற்கு முன்பே இரண்டு முறை திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். இதை வீட்டிலேயே பழகலாம். அவனுடைய நண்பன் எதிரிலிருந்து பந்தைத் தட்டிவிடட்டும். நீங்கள் மகனுக்குப் பின்னால் நின்று விரலைக் காட்டுங்கள். பந்து காலுக்கு வருமுன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே உள்ள இடமே போதும், தினமும் பத்து நிமிடம். ஃபூட்சாலும், அதாவது ஐந்து பேர் அணியாக உள்ளரங்கில் ஆடும் காற்பந்தும் ஆடட்டும். சின்னத் திடலில் நெருக்கம் அதிகம், யோசிக்க நேரம் குறைவு, நடுவில் ஆடப்போகிறவனுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். உடம்பு வளரும், அதற்காகக் காத்திருக்கும் வருடங்களில் கண்ணை வளர்க்கட்டும்.

இத்தாலியின் பிர்லோ அவ்வளவாக ஓடவே மாட்டாரே, எப்படி அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனார்? (பங்சார் வாசகர்)

அவருக்காக ஓட ஆள் இருந்தது. 10ஆம் எண் வேலையில் தொடங்கியவரை மிலானில் பயிற்றுநர் அன்செலோட்டி பின்னால் இறக்கி, கட்டுசோவைப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு யுவெந்துஸில் விடாலும் மார்கிசியோவும் ஓடினார்கள், 2011-12இல் ஒரு தோல்விகூட இல்லாமல் லீக்கை வென்றார்கள்.

எங்கள் தொழிற்சாலை அணி 4-4-2 (தற்காப்பில் நால்வர், நடு வரிசையில் நால்வர், தாக்குதலில் இருவர்) ஆடுகிறது. நடுவில் இருவரும் திறமைசாலிகள், ஆனால் கடைசி இருபது நிமிடத்தில் கோலாக வாங்குகிறோம். (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

இருவரும் முன்னால் போகிறவர்கள், சரியா? எனக்கும் இது நடந்தது. 15 வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டம் ஒன்றில் என்னுடைய இரண்டு சிறந்த பையன்களை நடுவில் ஜோடியாக விட்டேன். முதல் பாதி அருமை. இரண்டாம் பாதியில் இருவரும் திரும்பி ஓட முடியாமல் மூச்சு வாங்க, மூன்று கோல் வாங்கித் தோற்றோம். தவறு பையன்களுடையது இல்லை, என்னுடையது. நம்மூர் ஈரப்பதத்தில் இரவு ஆட்டத்திலும் சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிடும். முன்னும் பின்னும் ஓடும் இருவரை வைத்து முழு நேரமும் நடுவைக் காக்க முடியாது.

தாக்குதல் ஆட்டக்காரரில் ஒருவரைக் குறையுங்கள். அந்த இடத்தில், பந்தை நேராகக் கொடுக்கத் தெரிந்த ஒரு தற்காப்பு ஆட்டக்காரரைத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்துங்கள். வேகம் வேண்டாம். வாய் திறந்து கத்தி மற்றவர்களை நகர்த்துகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. 60ஆவது நிமிடத்துக்குள் அந்த இருவரில் ஒருவரை மாற்றிவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நான் ஃப்ரீ கிக் நன்றாக அடிப்பேன். பயிற்றுநர் இன்னும் மத்தியத் திடலில் இடம் தரவில்லை. (ஆயர் ஈத்தாம், பினாங்கு, 17 வயது வாசகர்)

உன் ஊரிலேயே, சிட்டி ஸ்டேடியத்தில், 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராக ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக்குக்கு, ஆண்டின் மிக அழகான கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்தது. பந்து காற்றில் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வளைந்தது. நான் எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது, எழுதும்போதே மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் தம்பி, ஓர் ஆட்டத்தில் கோலடிக்கும் தூரத்தில் ஃப்ரீ கிக் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். நடுவில் ஆடினால் பந்து நாற்பது, ஐம்பது முறை காலுக்கு வரும். உன் பயிற்றுநர் பார்ப்பது அந்த ஐம்பதைத்தான். ஃப்ரீ கிக்கைப் பயிற்சி முடிந்த பிறகு, மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அடி.