ஞெக்கு என்றால் அமுக்கு மட்டும்தானா? (வாசகர் கடிதமும் பதிலும்)

ஐயா, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில், பஸ்ஸில், தாலுகா ஆபீஸில் மலையாளம். இப்போது ஒரு மலையாளச் சிறுகதையைத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். அதில் 'ஞெக்குக' என்ற வினை ஐந்து இடங்களில் வருகிறது. ஒருவன் மாம்பழத்தை ஞெக்கிப் பார்க்கிறான். ஒருத்தி பற்பசை ட்யூபை ஞெக்குகிறாள். வந்தவர்கள் காலிங்பெல்லை ஞெக்குகிறார்கள். இருட்டில் ஒரு 'ஞெக்குவிளக்கு' எரிகிறது. கடைசியில் ஒரு கிழவி, 'ஞெக்கிப் பழுப்பிக்க வேண்டாம்' என்கிறாள். ஐந்துக்கும் 'அமுக்கு' என்றே போட்டேன். படித்துப் பார்த்தவர், 'எழுத்துதான் தமிழ், காதுக்கு மலையாளமாகவே கேட்கிறது' என்று திருப்பித் தந்துவிட்டார்.

அதே கதையில் பிழியுக, ஞெரிக்குக, ஞெரடுக, சதய்க்குக, அமர்த்துக, கசக்குக எல்லாம் உண்டு. ஒரு பக்கம் மலையாளம், எதிர்ப்பக்கம் தமிழ் என்று ஒரு பட்டியல் போட்டுத் தர முடியுமா? ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது ஸ்குவீஸ், பிரஸ் என்று இதே தொல்லை வருகிறது.

கொழிஞ்சாம்பாறை வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியல் போடலாம், ஆனால் அது முதல் வரியிலேயே சறுக்கும். உங்கள் ஐந்து இடங்களே அதற்குச் சாட்சி. மாம்பழம் சரி, அமுக்கித்தான் பார்ப்போம். பற்பசையைப் பிதுக்குவோம். காலிங்பெல்லை? பெல் அடித்தார்கள் என்போம். எட்டாத பெல்லை ஒரு பையன் எக்கி நின்று தொடுகிறான் என்றால் மட்டும் விரல் முக்கியமாகிறது. அங்கே 'அழுத்தினான்' நிற்கும். ஞெக்குவிளக்கு என்பது டார்ச் லைட். டார்ச்சையும் நாம் அடிக்கிறோம். ஞெக்கிப் பழுக்கவைப்பதைத் தமிழ் தடியால் அடித்துப் பழுக்கவைக்கிறது. ஆக, மலையாளம் ஞெக்கிய ஐந்தில் மூன்றில் தமிழுக்கு அமுக்கவே வேண்டியதில்லை, அடித்தால் போதும்!

இந்த வினைகளில் கைவைக்கும்போது விசை எவ்வளவு என்று முதலில் பார்க்கிறோம். அங்கேதான் தவறு. தமிழ் முதலில் கேட்பது இரண்டு: வெளியே வந்தது எது, கையில் மிஞ்சியது எது? பிழிந்தால் மிஞ்சுவது சக்கை. செக்கில் ஆட்டினால் பிண்ணாக்கு. பிதுக்கினால் வெறும் தோல். நசுக்கினால் எதுவும் பிரிவதில்லை, எல்லாம் அங்கேயே கூழாகக் கிடக்கும். கசக்கினால் பொருள் அப்படியே இருக்கும், சுருக்கம் விழுந்திருக்கும். அமுக்கியதோ, பெரும்பாலும் கையை எடுத்ததும் பழையபடி எழும்பிவிடும். மிச்சத்தைப் பார்த்துவிட்டு வினையைத் தேடினால் பாதி வேலை முடிந்தது. மலையாளத்தில் மிச்சத்தின் பெயரே பொறி வைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிழிந்த சக்கை அங்கே 'சண்டி'. டீத்தூள் சக்கை 'சாயச்சண்டி'. 'சண்டியைத் தூக்கி எறிந்தாள்' என்று எழுதினால், தமிழில் அடங்காத மாட்டையோ ஆளையோ எறிந்ததாகத்தான் படும்.

பிழி என்ற வினை இரண்டு மொழிக்கும் பொது, அதனாலேயே ஏமாற்றும். தமிழில் அது இரண்டு வகைச் செயப்படுபொருளை ஏற்கும். துணியைப் பிழிகிறோம்; சாறும் பிழிகிறோம். முதலாவதில் கையில் இருப்பது, இரண்டாவதில் வெளியே வருவது. முறுக்கு பிழிவதும் சேவை பிழிவதும் இரண்டாவது வகை. அழுத்தம் வாங்குவது மாவு, பெயர் வாங்குவது பலகாரம். மலையாளம் உயிரில்லாத பொருளுக்குப் பொதுவாக இரண்டாம் வேற்றுமை உருபு (நம் ஐ போன்றது) போடாது. 'தேங்ங பிழிஞ்ஞு' என்பது அங்கே முழு வாக்கியம். அதை அப்படியே 'தேங்காய் பிழிந்தாள்' என்று எழுதினால், முறுக்கு பிழிந்தாள் என்பது போல, பிழிந்த பிறகு தேங்காய் உண்டானதாகக் காதில் விழுகிறது. 'தேங்காயைப் பிழிந்து பால் எடுத்தாள்' என்று உருபும் விளைபொருளும் வர வேண்டும். ஒன்னாம் பால், ரண்டாம் பால் என்று சமையல் குறிப்பில் வந்தால் முதல் பால், இரண்டாம் பால் என்றே விடலாம். முதலாவதற்குக் கெட்டிப்பால் என்ற பெயரும் நம்மிடம் உண்டு.

ஆயுர்வேதப் பிழிச்சிலும் இதே கதைதான். வெதுவெதுப்பான எண்ணெயில் நனைத்த துணியை உடம்புக்கு மேலே பிடித்துப் பிழிந்துகொண்டே, இன்னொரு கையால் நீவிவிடுவார்கள். பிழிபடுவது துணி. 'உடம்பைப் பிழியும் சிகிச்சை' என்று எழுதினால் வாசகர் பயந்துபோவார். பெயரைப் பிழிச்சில் என்றே விட்டு, முதல் இடத்தில் மட்டும் 'எண்ணெய்த்துணி பிழிந்து நீவுவது' என்று வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிட்டால் போதும். அதோடு சேர்ந்து வரும் ஞவரக்கிழி என்ற இன்னொரு சிகிச்சையின் பெயரில் உள்ள கிழி, பொற்கிழியில் உள்ள அதே துணிமுடிச்சு. ஆனால் இன்றைய வாசகருக்குக் கிழி என்றால் கிழிப்பதுதான். அங்கே 'முடிச்சால் ஒத்தடம் கொடுத்தார்கள்' என்று எழுதுங்கள்.

பிதுக்குவதில், உள்ளே இருப்பது உருக் குலையாமல் வெளியே வர வேண்டும். பச்சை மொச்சையை இரவு ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஓர் ஓரத்தில் அழுத்தினால், மறு ஓரத்தில் தோல் விட்டுப் பருப்பு எகிறிக் குதிக்கும். அழுத்தம் நடுவில் பட்டால் பருப்பு இரண்டாக உடையும். அப்போது அது பிதுக்கியது ஆகாது, நசுக்கியது. ஆந்திர எல்லையில் அந்தப் பருப்புக்கு 'பிதிகின பப்பு' என்று பெயர், கன்னடத்தில் 'ஹிதகபேளே'. எல்லாம் ஒரே வேர். ஆனால் தெலுங்கில் அந்த 'பிதுகு' மாட்டு மடிக்கும் போகிறது. 'பாலு பிதிகிந்தி' என்றால் பால் கறந்தாள். தெலுங்கிலிருந்து பெயர்ப்பவர் இதை 'பாலைப் பிதுக்கினாள்' என்று போட்டால் மாட்டுக்கு ஏதோ வியாதி என்று தோன்றும். மாட்டுக்குக் கற, தாய்ப்பாலைக் கையால் எடுப்பதற்குப் பீச்சு. மலையாளத்தில் கறப்பதும் 'கறக்குக', சுழற்றுவதும் 'கறக்குக'. இறந்தகாலத்தைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்: கறந்நு என்றால் பால், கறக்கி என்றால் சுழற்றல். அகராதியைப் புரட்டும் முன் வினையை இறந்தகாலத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமர்த்துக வேறு மாதிரிப் பொறி. மலையாளத்தில் அது அழுத்துவது, தமிழில் வேலைக்கு ஆள் வைப்பது. 'ஸ்விட்ச் அமர்த்தி' என்பது ஸ்விட்சைப் போட்டு, அல்லது பட்டனை அழுத்தி. 'சிரி அமர்த்தி' என்றால் சிரிப்பை அடக்கிக்கொண்டு. அழுத்தி என்று அங்கே வரவே கூடாது. தமிழில் சிரிப்பை அடக்கலாம், விழுங்கலாம், அழுத்த முடியாது.

அழுத்து, அமுக்கு இரண்டையும் நாமே குழப்பிக்கொள்கிறோம். அமுக்கினால் பொருள் கீழே போக வேண்டும், அல்லது மறைய வேண்டும். பந்தைத் தண்ணீரில் அமுக்குகிறோம், பணத்தை அமுக்குகிறான், திருடனை அமுக்கிப் பிடித்தார்கள். அழுத்தினால் பொருள் இருந்த இடத்தில் இருக்கும், தடம் மட்டும் பதியும். முத்திரையை அழுத்துகிறோம், ஒரு சொல்லை அழுத்திச் சொல்கிறோம். கால் வலிக்கு அமுக்கிவிடுவதும் பிடித்துவிடுவதும் உண்டு. 'காலை அழுத்தினாள்' என்றால் பிரேக்கை மிதித்த மாதிரி இருக்கிறது.

கசக்கு என்ற சொல்லைக் கண்டதும் நிம்மதி அடையாதீர்கள். 'சீட்டு கசக்கி' என்று மலையாளக் கதையில் வந்தால், அங்கே சீட்டைக் கலைத்துப் போடுகிறார்கள். தமிழில் சீட்டைக் கசக்கினால் ஆட்டம் அதோடு முடிந்தது. எதிர்த்திசையிலும் ஒன்று இருக்கிறது. தூங்கி எழுந்த பையன் 'கண்ணு திரும்மி' வருகிறான். 'கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்' என்று கை தானாக எழுதும். அடுத்த வரியில் அவன் ஏன் அழுகிறான் என்று வாசகர் தேடுவார். 'கண்ணைத் தேய்த்துக்கொண்டு' என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

சமையலறை வினைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். இஞ்சி, பூண்டைச் 'சதய்க்குக' என்றால் நமக்குத் தட்டிப் போடுவது. நசுக்கினாலும் குற்றமில்லை, அரைத்துவிடாதீர்கள். சின்ன வெங்காயத்தை உப்போடு கையால் 'ஞெரடி' என்று வரும். அதற்கு ஒற்றைச் சொல் போதாது. 'உப்புப் போட்டுக் கசக்கிப் பிசறி' என்று இரண்டு வினையை அடுக்கினால்தான் கையின் அசைவு வருகிறது. கழுத்தை ஞெரிப்பது நெரிப்பதேதான், யோசிக்காமல் போடலாம். பணத்தின் 'ஞெருக்கம்' பண நெருக்கடி. பஸ்ஸில் 'திங்ஙி ஞெருங்ஙி' நின்றால் நெருக்கியடித்துக்கொண்டு.

பழந்தமிழில் ஞெகிழ், ஞெமுங்கு என்று ஞெகரச் சொற்கள் இருந்தனவே, ஞெக்கு என்பதையே தமிழுக்குள் கூட்டிவந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். குமரி மாவட்டப் பாத்திரம் பேசுவதாக இருந்தால் பரவாயில்லை. கதைசொல்லியின் குரலில் வேண்டாம். வாசகர் ஞெ-யில் நின்றுவிடுவார், மாம்பழத்துக்குப் போக மாட்டார்.

ஒரு சோதனை சொல்கிறேன், எந்த மொழியிலிருந்து பெயர்த்தாலும் பயன்படும். வாக்கியத்தில் செயப்படுபொருளை மறைத்துவிட்டு வினையை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டுங்கள். 'விரலால் பிதுக்கினாள்' என்றதும் பருவோ, மொச்சையோ, பற்பசையோ என்று அவர் சொல்வார். உங்கள் பொருள் அவர் சொன்ன வட்டத்துக்குள் இருந்தால் வினை சரி. அடுத்தது, தன்வினையாக மாற்றிப் பாருங்கள். அமுக்கு–அமுங்கு, அழுத்து–அழுந்து, நசுக்கு–நசுங்கு, கசக்கு–கசங்கு, பிதுக்கு–பிதுங்கு என்று ஜோடி வரும். மூலத்தில் ஞெங்ஙி, ஞெரிஞ்ஞு என்று தன்வினை இருக்கும் இடத்தில் 'நசுக்கப்பட்டது' என்று எழுத வேண்டியதில்லை, நசுங்கியது போதும். பிழிக்கு மட்டும் அந்த ஜோடி கிடையாது. துணி தானாகப் பிழிவதில்லை. அங்கே பிழிபட்டது என்றோ, ஆளைக் கொண்டுவந்தோ வாக்கியத்தைத் திருப்ப வேண்டும்.

ஆங்கிலத்தின் ஸ்குவீஸுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்குவதுதான் முக்கியம், ஏதாவது வெளியே வந்ததா என்பது அதற்குக் கட்டாயமில்லை. அதனால்தான் அங்கே அன்போடு கையையும் ஸ்குவீஸ் செய்ய முடிகிறது. தமிழில் கையைப் பிழிந்தால் எலும்பு முறியும்; 'கையை இறுகப் பற்றினாள்' என்க. துப்பாக்கி விசையை இழுப்போம் அல்லது அழுத்துவோம். பஸ்ஸில் ஸ்குவீஸ் ஆகி ஏறுபவர் இடித்துக்கொண்டு ஏறுகிறார். எண்ணெய் பாட்டில்களில் 'குளிர் அழுத்தப்பட்ட எண்ணெய்' என்று அச்சிடுகிறார்கள். பொள்ளாச்சிச் சந்தையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. அது செக்கெண்ணெய், செக்கில் ஆட்டியது. இந்த இடத்தில் தமிழும் மலையாளமும் ஒன்று. இரண்டுக்கும் அழுத்தத்தைவிட உலக்கையின் ஆட்டம்தான் கண்ணில் படுகிறது.

ஒரு விதிவிலக்கு. மூல ஆசிரியர் வேண்டுமென்றே பழக்கமில்லாத வினையைப் போட்டிருந்தால் அதைச் சரிசெய்யாதீர்கள். கயமை அதிகாரத்தில் வள்ளுவர் கரும்பை ஆட்டவும் இல்லை, பிழியவும் இல்லை. 'கரும்புபோல் கொல்லப் பயன்படும் கீழ்' என்கிறார். உரைகாரர் அதை நைய நெருக்குவதாக விரித்துப் பொருள் சொல்கிறார். உரைக்கு அது சரி. மொழிபெயர்ப்பவர் அதையே செய்தால் குறளின் பல் போய்விடும். மூலமொழிக்காரருக்கே அந்த வினை உறுத்துகிறதா என்று ஒருவரிடம் கேளுங்கள். உறுத்தினால் தமிழிலும் உறுத்தட்டும். உங்கள் கதையின் ஞெக்குக எதுவும் அந்த வகை இல்லை, எல்லாம் அன்றாடப் பேச்சு.

கிழவியின் வாக்கியத்தில் மட்டும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. 'தடியால் அடித்துப் பழுக்கவைக்க வேண்டாம்' என்பது வழக்கான தமிழ். ஆனால் கதை தொடங்குவதே மாம்பழத்தை ஞெக்கிப் பார்ப்பதில். கிழவி அதே வினையைத் திரும்பச் சொல்வதாக ஆசிரியர் வைத்திருக்கலாம். அப்படியானால் 'அடி' என்ற வினை அந்த முடிச்சை அவிழ்த்துவிடும். 'அமுக்கி அமுக்கிப் பாத்தா பழுத்துருமா?' என்று சித்தூர் பேச்சிலேயே அவளைக் கேட்கவிடுங்கள். மாம்பழ வரியிலும் அதே அமுக்கு இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு, மீதி மூன்றையும் மாற்றி அனுப்புங்கள்.