பழைய வீட்டு மரம் புது வீட்டுக்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் பாட்டனார் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டின் ஒரு பக்கம் சரிந்துவிட்டதால் முழுவதையும் பிரிக்க இருக்கிறோம். தேக்கு நிலவுகளும் (கதவு, சன்னல் நிலைகள்) தூண்களும் பனங்கைகளும் (கூரை தாங்கும் பனை மரச் சட்டங்கள்) நிறைய உள்ளன. கோவையில் பசுமைக் கட்டடமாகக் கட்டவிருக்கும் வீட்டில் இவற்றைப் பயன்படுத்தலாம் என்றால், பொறியாளரோ, "கூலிதான் ஏறும்; புது மரமே வாங்கிவிடுங்கள்" என்கிறார். என்ன செய்வது?
- வாசகர், பெருந்துறை

பதில்: கூலி ஏறும் என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அதற்காகக் கப்பலில் வரும் தேக்குக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம் என்பதால், உங்கள் தூண்களை விறகாக்கினால் அது கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். வீட்டில் நிறுத்தினால் மரத்திலேயே தங்கும்.

கூலியைக் குறைக்க வழி, வரைபடத்துக்கு முன்பே மரத்தை அளந்துவிடுவதுதான். பழைய நிலவுகள் பெரும்பாலும் உயரம் குறைந்தவை. முடிந்துபோன வரைபடத்துக்குப் பொருந்தவில்லையென்று அவற்றை அறுத்து ஒட்டுவதைவிட, உள் அறைக் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் ஒதுக்கிவிட்டு, தலைவாசல் நிலவை மட்டும் கருங்கல் படியின் மேல் உயர்த்தி நிறுத்தலாம். தூணைத் தூணாகவே நிறுத்துங்கள். அதைப் பலகையாக அறுப்பது வீண்.

பிரிக்கும்போதே ஆசாரி ஒருவர் உடனிருக்கட்டும். சுவருக்குள் புதைந்திருந்த உத்தர முனைகளையும் பனங்கை முனைகளையும் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் தங்கி உளுத்த இடத்தில் முனை எளிதாக இறங்கிவிடும், அந்த அளவை வெட்டித் தள்ளிவிட்டால் மீதி பெரும்பாலும் வைரம் பாய்ந்ததாகவே இருக்கும். சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற புதுத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். அத்தகைய மரத்தைத் தனியே அடுக்கி, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசிய பிறகே சேர்க்க வேண்டும். உடைந்து உள்ளே தங்கிய ஆணியை மெட்டல் டிடெக்டரால் தேடி எடுக்காமல் மில்லுக்குக் கொண்டுபோனால், ரம்பம் பல் போகும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் மிகுதியாக இருக்கலாம்; அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

பசுமைக் கட்டடச் சான்றுக்கு விண்ணப்பிப்பதானால், பழைய மரத்தையே பயன்படுத்தினீர்கள் என்று காட்ட, பிரிக்கும் முன் படம் எடுத்து, அளவையும் மதிப்பையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் வெட்டப்படும் தென்னை மரங்களை மேற்கூரைக்குப் பயன்படுத்தலாமா?
- வாசகர், ஆனைமலை

பதில்: வேர் வாடல் நோயால் வெட்டப்படும் மரங்கள் விறகாகப் போவதைப் பார்க்கையில் இக்கேள்வி காலத்தோடு வந்திருக்கிறது. வயது முதிர்ந்த மரமாக இருக்க வேண்டும்; அதிலும் அடிப்பாகத்தின் வெளிவட்டம் மட்டுமே கைமரத்துக்கு ஆகும், நடுச்சோறு பஞ்சு போன்றது. பச்சையில் ஈரம் மிகுதி என்பதால், வெட்டிய சில நாளிலேயே அறுத்து, மருந்தேற்றி, காற்றோட்டமான நிழலில் இடைவெளிவிட்டு அடுக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.