வீட்டில் சோப்பு செய்ய ஆசை. புதிதாகத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்? காஸ்டிக் சோடா இல்லாமல் செய்யவே முடியாதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். முடியாது. கடையில் கட்டியாகக் கிடைக்கும் சோப்பு பேஸை வாங்கி உருக்கி, வாசனை சேர்த்து அச்சில் ஊற்றலாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் கட்டிக்குள்ளும் காரத்தின், அதாவது காஸ்டிக் சோடாவின், வேலையை வேறு யாரோ முடித்து வைத்திருக்கிறார்கள். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும். கணக்கு சரியாக இருந்தால் காரம் மிஞ்சவே மிஞ்சாது. அதனால் செய்யும்போதும் வெட்டும்போதும்தான் கவனமாக இருக்க வேண்டும், குளிக்கும்போது பயமில்லை.

முழு விஷயமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்றால், ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசிலிருந்து. எண்ணெய், அச்சு, வாசனை எல்லாம் அப்புறம்.

நான் கடலூரில், தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. எந்தச் சோப்பைப் போட்டாலும் நுரை வருவதற்குள் கை வலித்துவிடும். அதனால்தான் இதில் இறங்கினேன். முதல் தடவை தராசு இல்லாமல், எல்லாவற்றையும் டம்ளர் கணக்கில் அளந்தேன். மறுநாள் கத்தியை வைத்ததும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடிந்தது. வெட்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அத்தை ஒரு துண்டை எடுத்துக் கையை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். "என்னம்மா, விரல் எரியுதே" என்றார். அவர் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பதினைந்து நிமிடமும் எனக்கு மனசே சரியில்லை. அன்று சாயங்காலமே போய்த் தராசு வாங்கினேன்.

டம்ளர் ஏன் ஏமாற்றுகிறது? காஸ்டிக் சோடா செதிலாகவும் வரும், மணியாகவும் வரும். ஒரே டம்ளரில் இரண்டும் ஒரே எடை பிடிக்காது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயும் ஒரு கிலோ கிடையாது, சுமார் 920 கிராம்தான். அதோடு ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேண்டிய காரம் வேறு. 100 கிராம் தேங்காய் எண்ணெய் 18.3 கிராம் காஸ்டிக் சோடா கேட்கும். நல்லெண்ணெய் 13.4 கிராம், விளக்கெண்ணெய் 12.8 கிராம். தேங்காய் எண்ணெய் கணக்கில் காரத்தைப் போட்டுவிட்டு நல்லெண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள், தோல் எரியத்தான் செய்யும்.

நான் இப்போது செய்யும் அளவு இது. தேங்காய் எண்ணெய் 350 கிராம், நல்லெண்ணெய் 100, விளக்கெண்ணெய் 50. இந்த 500 கிராமுக்கு முழுக் கணக்கில் கிட்டத்தட்ட 84 கிராம் காஸ்டிக் சோடா வரும். நான் 77 கிராம்தான் போடுகிறேன். அப்போது எட்டு சதவீத எண்ணெய் சோப்பாகாமல் நின்று தோலை வறளாமல் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் 160 கிராம், அதுவும் கேன் தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம். தேங்காய் எண்ணெய் இவ்வளவு எதற்கு என்றால், உப்புத் தண்ணீரிலும் நுரைப்பது அந்தச் சோப்புதான். அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் கடல் தண்ணீரில் குளிக்க வைத்திருந்ததும் தேங்காய் எண்ணெய் சோப்புதான். கடற்கரையோரம் இருக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணெய் இல்லை. செக்கெண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை, கலப்படமில்லாமல் இருந்தால் போதும்.

காஸ்டிக் சோடாவை ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூய்மை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 98 சதவீதம் இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் அடைப்புக்கு விற்கும் பொடி வேண்டாம், அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும். சலவை சோடாவும் ஆப்ப சோடாவும் வேறு பொருள்கள், இதற்கு ஆகாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். டப்பாவைத் திறந்து வைத்தால் செதில்கள் தண்ணீரை இழுத்துக் கசகசவென்று ஆகிவிடும், எடையும் பொய் சொல்லும். எடுத்ததும் மூடிவிடுங்கள்.

எவர்சில்வர் பாத்திரம் மட்டும். அலுமினியம் கூடவே கூடாது. காரம் பட்டதும் அது நுரைத்துப் பொங்கி ஹைட்ரஜன் வாயுவை விடும், பாத்திரமும் அரித்துப் போகும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். சூடு 80 டிகிரிக்கு மேல் போகும், ஆவி மூக்கில் ஏறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், வினிகர் வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

கரைசல் 40 டிகிரிக்கு இறங்கட்டும். எண்ணெயைச் சூடாக்கு என்று வீடியோக்களில் சொல்வது குளிர் நாட்டுக்காரர்களுக்கு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும். கடலூரில் மார்கழி, தை காலை நேரம் தவிர அடுப்பே வேண்டாம்.

எண்ணெயில் கரைசலை மெதுவாக ஊற்றி, கை பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் கலங்கும், அப்புறம் மோர் மாதிரி வெளுக்கும், பிறகு தோசை மாவுப் பதத்துக்கு வரும். கரண்டியால் எடுத்து மேலே கோடு போட்டால் அந்தக் கோடு அமிழாமல் நிற்க வேண்டும். அதுதான் அச்சில் ஊற்றும் பதம். மோர்ப் பதத்திலேயே அவசரப்பட்டு ஊற்றினால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். ஊற்றிய சோப்பை மறுநாள் காலையிலேயே வெட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் அதிகம் என்பதால் தள்ளிப் போட்டால் இறுகி, வெட்டும்போது உடையும். அப்போதும் கையுறையோடுதான்.

குப்பைமேனி, வேப்பிலை, கற்றாழை என்று எல்லாவற்றையும் அரைத்துப் போடத் தோன்றும். முதல் மூன்று தடவை எதுவும் போடாதீர்கள். பச்சை இலை விழுது பழுப்பாகிவிடும், கெட்டும் போகும். மல்லிகை இதழும் கருத்துவிடும். பிறகு வேண்டுமானால் நன்றாகக் காய்ந்த பொடி ஒரு டீஸ்பூன். மஞ்சள்தூள் போட்டதும் மாவு சிவந்தால் பதறாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரத் தன்மையால்தான்.

வெட்டிய துண்டுகளை மூங்கில் முறத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, வெயில் படாமல் காற்றாட நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். வாரம் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோப்பு முத்து முத்தாக வியர்க்கும். உள்ளே இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது, கெட்டுப்போகவில்லை. ஃபேன் காற்றில் வைத்தால் போதும்.

எப்போது எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதற்கும் தராசைத்தான் கேட்பேன். ஒரு துண்டில் சின்னதாக அடையாளம் கீறி வாரா வாரம் நிறுத்து, காலண்டரில் எழுதி வைப்பேன். போன தடவை வெட்டிய அன்று 112 கிராம், ஐந்தாவது வாரம் 99, ஆறாவது வாரமும் 99. அன்றுதான் அத்தை கையில் கொடுத்தேன்.