வாகனங்கள் வராத திராட்சைத் தோட்டப் பாதைகளில் முதன்முறையாக கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டப் போகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் எந்தச் சைக்கிள், எத்தனை மில்லிமீட்டர் டயர் என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அவையும் தேவைதான்; கீழே சொல்கிறேன். ஆனால் இத்தாலியின் கியாண்டி மலைப்பகுதியிலும் தென் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலும் சில வாரங்கள் ஓட்டிய பிறகு, முதலில் சொல்ல வேண்டியது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கார் வராத பாதை என்பதற்காக அது சும்மா கிடக்கும் பாதை என்று எண்ணிவிடக் கூடாது. டிராக்டர் எங்கே திரும்ப வேண்டும், மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், பறித்த பழம் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்ற கணக்கில் திராட்சைக்காகப் போட்ட வேலைப் பாதை அது. அங்கே சைக்கிளில் போகிறவருக்கு நேரும் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய அனைத்தும் அந்தக் கணக்கிலிருந்தே வருகின்றன.

சரளையும் திராட்சையும் ஒரே இடத்தில் சேர்வதற்கு மண்தான் காரணம். வேரில் நீர் தேங்கினால் கொடி நலிந்துவிடும் என்பதால், கல் கலந்த, நீர் விரைவில் வடிகிற சரிவு நிலத்தையே திராட்சைக்குத் தேடுகிறார்கள். அந்த நிலத்தில் போடும் பாதையும் அதே கல்லால் ஆனதாகவே இருக்கும். கியாண்டியில் அல்பரேசே என்னும் சுண்ணாம்புக்கல்லும், கால் பட்டாலே தகடு தகடாக உதிரும் கலெஸ்த்ரோ என்னும் பாறையும் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. சுண்ணாம்புக்கல் பொடிந்த பாதை வெயிலில் இறுகி, தார்ச்சாலைக்கு நிகராக ஓடும். மாலையில் இறங்கிப் பார்த்தால் சைக்கிளின் அடிக்குழாய், தண்ணீர்க் குப்பி, சங்கிலி எல்லாவற்றின் மேலும் மாவு தூவியது போல வெண்மை படிந்திருக்கும். அங்கிருந்து தெற்கே சியேனா நகரைத் தாண்டினால் களிமண் குன்றுகள் தொடங்குகின்றன. மழை பெய்த மறுநாள் அந்தக் களிமண்ணில் இறங்கினால், நூறு மீட்டருக்குள் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே மண் அப்பிச் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். ஆகவே வழித்தடத்தைத் திட்டமிடும்போது ஏற்றத்தைப் பார்ப்பதோடு, முந்தைய இரண்டு நாள்களின் மழையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளைப் பாதைகள் இன்றும் தார் பூசப்படாமல் இருப்பதற்குச் சைக்கிள்காரர்களுக்கும் பங்குண்டு. அவற்றைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் 1997இல் ஜான்கார்லோ ப்ரொக்கி என்பவர் கையோலே இன் கியாண்டியில் லெரோய்கா என்ற பழங்காலச் சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். 1987க்கு முற்பட்ட சைக்கிள்களுக்கே அதில் இடம். பத்தாண்டு கழித்து 2007இல் அதே பாதைகளில் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் தொடங்கியது. லெரோய்காவின் நிரந்தர வழித்தடம் 209 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி சரளை. மெல்லிய டயர் பூட்டிய அரை நூற்றாண்டுப் பழைய சைக்கிள்களில் பலர் அதை முடித்துவிடுகிறார்கள் என்பதால், விலை உயர்ந்த கிராவல் சைக்கிள் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: இவை பொதுச்சாலைகள். கார்கள் மிகக் குறைவே தவிர, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. வளைவுகளில் உங்கள் பக்கத்தை விட்டு விலகாதீர்கள்.

கார் அறவே வேண்டாம் என்பவர்களுக்குக் கைவிடப்பட்ட ரயில் தடங்கள்தான் பொருத்தம். கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் டிரெயில் அப்படிப்பட்டது. 1983ஆம் ஆண்டின் பெருங்காட்டுத்தீயில் சேதமடைந்து பின்னர் மூடப்பட்ட ரயில் தடத்தின் மேல், ஆபர்ன் ஊரிலிருந்து கிளேர் வழியாக வடக்கே 30 கிலோமீட்டருக்கும் மேல் திராட்சைத் தோட்டங்களின் ஓரமாகவே அது செல்கிறது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அத்தகைய தடங்களில் சரிவு பெரும்பாலும் 2 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. பேச்சு மூச்சு குறையாமல் ஓட்டலாம். தோட்டத்து வேலைப் பாதைகளோ நேர்மாறு. பல தோட்டங்களில் வரிசைகள் சரிவின் மேலிருந்து கீழாக ஓடுவதால் பாதையும் அப்படியே நெட்டுக்குத்தாக ஏறும். டிராக்டருக்கு 15 சதவீத ஏற்றம் பொருட்டல்ல; நமக்கு அது முழங்காலில் தெரியும். முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தில் 42 பல் என்ற அளவுக்காவது இலகுவான கியர் இல்லையென்றால் தள்ளிக்கொண்டு நடக்கவே நேரிடும்.

டயரைப் பொறுத்தவரை 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை எதுவும் போதும். அகலத்தைவிடக் காற்றழுத்தமே முக்கியம் என்பது என் கருத்து. புதியவர்கள் தார்ச்சாலைப் பழக்கத்தில் கல்லாகக் காற்றடித்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் துள்ளி, கை மரத்துப்போய், சரளையே தமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கலாம். டியூப் உள்ள டயரானால், கல்லில் இடித்து டியூப் கடிபடாதிருக்கச் சற்றுக் கூடுதலாக வேண்டும். இறக்கத்தில் வளைவுக்குச் சற்று முன், வண்டிகள் பிரேக் போடும் இடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தரையில் விரித்தது போல வரிவரியாக மண் எழும்பி நிற்கும். அந்த வரிகளின் மேல் பிரேக்கை அழுத்தினால் டயர் தரையில் பாவாது. அவற்றுக்கு முன்னதாகவே வேகத்தைக் குறைத்துவிட்டு, முழங்கையைத் தளர்த்தி, இருக்கையிலிருந்து சற்று எழும்பி உருள விடுவதே முறை.

இனி ஆண்டுப் பருவம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குளிர்காலத்தின் இறுதியில், கவாத்து முடிந்திருந்த ஒரு தோட்டத்தின் ஓரமாகச் சென்றபோது, பாதையில் சிதறிக் கிடந்த குச்சிகளை உலர்ந்த சருகு போலக் கருதி அவற்றின் மேலேயே ஏற்றினேன். விரல் தடிமனுள்ள ஒரு குச்சி நிமிர்ந்து பின்சக்கரக் கம்பிகளில் நுழைந்து, கியர் மாற்றியை இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணிமைப்பதற்குள் அதைத் தாங்கும் அலுமினியக் கொக்கி முறிந்துவிட்டது. சங்கிலியை அகற்றிவிட்டு, 9 கிலோமீட்டர் தூரம் இறக்கத்தில் உருண்டும் ஏற்றத்தில் தள்ளியும் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து என் சைக்கிளுக்கேற்ற உபரிக் கொக்கி ஒன்று எப்போதும் இருக்கைப் பையில் இருக்கும்; கவாத்துக் குச்சியைக் கண்டால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுவேன். அந்தப் பருவத்தில் கொடி கட்டும் கம்பியின் துண்டுகளும் பாதையில் கிடக்கும். அவை டியூப்லெஸ் டயரையும் சோதித்துவிடும்.

வசந்தத்திலிருந்து கோடை வரை மருந்து தெளிப்பு நடக்கும். காற்று அடங்கியிருக்கும் அதிகாலையிலேயே பெரும்பாலும் தெளிப்பார்கள். நாமும் வெயிலுக்கு அஞ்சி அதே வேளையில்தான் கிளம்புகிறோம். தெளிக்கும் வண்டி கண்ணில் பட்டால், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக விலகி, அது வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேரும்வரை காத்திருங்கள். இலைகளில் நீலமாகப் படிந்திருப்பது பெரும்பாலும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. இந்தக் கலவை பிறந்ததே ஒரு பாதையோரத்தில்தான். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காதிருக்க, பிரான்சின் மெதோக் பகுதியில் பாதையை ஒட்டிய கொடிகளில் மட்டும் அதைப் பூசி வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்தே, ஆய்வு செய்து 1885இல் முடிவுகளை வெளியிட்டார். பாதையோரப் பழத்தில் கை வைக்க உங்களுக்கும் தோன்றக்கூடும் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

அறுவடைக் காலம் பார்ப்பதற்கு மிக அழகானது. சைக்கிள் ஓட்டுவதற்கு மிகச் சிரமமானது. பழச் சுமையோடு வரும் டிராக்டர் நினைத்த இடத்தில் நிற்காது, அதற்குப் பின்னால் புழுதி அடங்க ஐந்து நிமிடமாகும். அது வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுவதே மரியாதை. வடகோளத்தில் அறுவடை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, தென்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. நிம்மதியாக ஓட்ட வேண்டுமென்றால் அதற்குச் சில வாரங்கள் பிந்தி, இலை பழுக்கும் நேரத்தில் போங்கள்.

நிழலை எதிர்பார்க்காதீர்கள். கொடிகள் தோள் உயரமே இருக்கும், நடுப்பகலில் அவற்றின் நிழல் அவற்றின் காலடியிலேயே முடிந்துவிடும். இரண்டு குப்பித் தண்ணீர் குறைந்தபட்சம்.

கடைசியாக, படம் எடுப்பதற்காகக்கூடக் கொடி வரிசைகளுக்குள் இறங்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி, டயரிலும் காலணியிலும் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்யக்கூடியது. தென் ஆஸ்திரேலியாவில் அதை உள்ளே விடாதிருக்கக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு, தோட்ட வாயில்களில் எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு. வேறொரு திராட்சைப் பகுதியிலிருந்து நேராக அங்கே போவதாக இருந்தால், புறப்படும் முன்பே டயரையும் காலணியின் அடிப்பகுதியையும் மண் துளியும் இல்லாமல் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள்.