அலுமாரிக்குள் அஸ்பெஸ்டஸ்: பழைய ஹீட்டிங்கைக் கழற்றினால் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: 2023இல் லண்டனில் ஹரோ பக்கம் ஒரு டெரஸ் வீடு வாங்கினோம். 1966இல் கட்டிய வீடு. ரேடியேட்டரே இல்லை. கீழே ஓர் அலுமாரிக்குள் இருக்கும் பழைய கேஸ் யூனிட்டிலிருந்து சூடான காற்று, தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் வரும். அதைக் கழற்றிவிட்டு கொம்பி பொயிலரும் எட்டு ரேடியேட்டரும் போட, மனைவிக்கு மாமா முறையான ஒரு ஒப்பந்தக்காரரிடம் எங்கள் ஹோலில் இருந்தே 7,200 பவுண்டுக்குப் பேசி முடித்தோம். 1,200 கிரெடிட் கார்டில், 2,000 வங்கி மூலம் கொடுத்தாயிற்று. இரண்டாம் நாள் அவருடைய ஆட்கள் அலுமாரியின் உள்பலகையைச் சுத்தியலால் உடைத்தார்கள். பிறகு வந்த கேஸ் பொறியியலாளர், "அஸ்பெஸ்டஸ் போல இருக்கிறது, நான் தொடமாட்டேன்" என்று போய்விட்டார். இப்போது மாமா, "இன்னும் 1,500 தாருங்கள், சனிக்கிழமை இரவு என் ஆட்களே கழற்றிக் கறுப்புப் பையில் கட்டிக் கொண்டுபோய்விடுவார்கள்" என்கிறார். வீட்டை விற்றவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. மேல் அறையில் ஒரு மாணவர் வாடகைக்கு இருக்கிறார். எங்களுக்கு அபராதம் வருமா? யார்மேல் வழக்குப் போடலாம்?

பதில்: சனிக்கிழமை இரவு யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். வழக்கையும் காசையும் பிறகு பார்க்கலாம். உடைந்த பலகை கிடக்கும் இடத்தின் கதவைச் சாத்தி, சுற்றியுள்ள இடைவெளிகளை டேப்பால் ஒட்டுங்கள். பழைய யூனிட்டின் விசிறி இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் அதைப் போடவே கூடாது, தூசியைக் குழாய் வழியாகப் படுக்கையறை வரை ஊதிவிடும். கூட்ட வேண்டாம், வீட்டு வக்யூமையும் எடுக்க வேண்டாம். சாதாரண வக்யூம் அஸ்பெஸ்டஸின் நுண்ணிய இழைகளைப் பிடிக்காது, மறுபக்கத்தால் வெளியே தள்ளும். இன்னொன்று, கேஸ் குழாயை அடைத்தது யார் என்று கேளுங்கள். கேஸ் வேலைக்குச் சட்டப்படி தேவையான கேஸ் சேஃப் பதிவு இல்லாத ஒருவர் கைவைத்திருந்தால், பதிவுள்ள ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் அஸ்பெஸ்டஸ் சந்தேகத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, அபராதம். பிரிட்டனில் இதை ஆள்வது 2012ஆம் ஆண்டின் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள். கடை, அலுவலகம், அடுக்குமாடிகளின் பொதுப் படிக்கட்டு போன்ற இடங்களில் அஸ்பெஸ்டஸ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பதிந்து வைக்கும் கடமை 4ஆம் விதியில் இருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தக் கடமை இல்லை. உங்கள் சுவருக்குள் அஸ்பெஸ்டஸ் இருப்பது குற்றமும் இல்லை. வேலைக்கு வருபவரின் நிலை வேறு. 5ஆம் விதிப்படி, உடைப்பதற்கு முன்பே அங்கே அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா, என்ன வகை (வெள்ளை, பழுப்பு, நீலம் என்று வகைகள் உண்டு) என்று அவர் கண்டறிய வேண்டும். சந்தேகம் இருந்தால், இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் வெள்ளை வகை மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆள் வைத்து வேலை செய்பவருக்கும் தனியாளாகத் தொழில் செய்பவருக்கும் இது ஒன்றுதான். 1966ஆம் ஆண்டு வீட்டில், அந்தக் காலத்துச் சூடான காற்று யூனிட்டின் அலுமாரியைப் பார்த்த பிறகும் சந்தேகம் வரவில்லை என்று ஹீட்டிங் தொழிலில் இருப்பவர் சொன்னால் அதை நம்புவது கஷ்டம்.

ஆனால் அந்தக் கறுப்புப் பை விஷயத்தில் நீங்களும் மாட்டலாம். வீட்டுக் கழிவை உரிய அனுமதி உள்ளவரிடம்தான் கொடுக்கிறோமா என்று நியாயமான அளவு பார்க்கும் கடமை, 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது. அந்தப் பை ஏதாவது ஒரு ஒழுங்கையில் வீசப்பட்டு, அதற்குள் உங்கள் பெயருள்ள கடித உறை ஒன்று கிடந்தால், கவுன்சில் உங்கள் கதவைத்தான் தட்டும். இங்கிலாந்தில் இதற்கு உடனடித் தண்டப்பணமே 600 பவுண்ட் வரை போகலாம், நீதிமன்றம் போனால் அதற்கு மேலும். போன கிழமை வரை நீங்கள் எதுவும் தெரியாதவர். இன்று தெரிந்தவர். தெரிந்துகொண்டே 1,500 கொடுத்தால் உங்கள் வழக்கின் பலத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

"ஊரில் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழேதானே வளர்ந்தோம், யாருக்கு என்ன வந்தது?" என்று மாமா கேட்கக்கூடும். நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கூரை சீற் என்பது சீமெந்தோடு சேர்த்து இறுக்கிய பொருள். அதையும் வெட்டினால், உடைத்தால் ஆபத்துதான். இங்கே 60களிலும் 70களிலும் சூடான காற்று யூனிட்டைச் சுற்றி நெருப்புத் தடுப்பாக அடித்த பலகை பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் இன்சுலேட்டிங் போர்ட். பழுப்பு அஸ்பெஸ்டஸ் கலந்தது, சீமெந்து போல இறுக்கம் இல்லை, சுத்தியல் பட்டால் இழைகள் லேசில் காற்றில் கலந்துவிடும். பழுப்பையும் நீலத்தையும் பிரிட்டன் 1985இல் தடை செய்தது, வெள்ளையை 1999இல். ஆகவே 2000க்கு முன் கட்டிய எந்த வீட்டிலும் இது இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அந்தப் பொறியியலாளர் கண்ணால் பார்த்துச் சொன்னது சாட்சியம் ஆகாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தின் ஆள் வந்து மாதிரி எடுத்து, எழுத்தில் முடிவு தர வேண்டும். அதே நேரம் உடைக்கப் போகும் இடங்கள் முழுவதற்கும் ரெஃபர்பிஷ்மென்ட் சேர்வே, அதாவது வேலைக்கு முன் அஸ்பெஸ்டஸைத் தேடும் ஆய்வு, எடுத்துவிடுங்கள். கூரைக்குப் போகும் புகைக்குழாயிலும், குழாய் மூட்டுகளில் சுற்றிய டேப்பிலும், யூனிட்டின் கயிற்று சீலிலும்கூட இது ஒளிந்திருக்கும். அஸ்பெஸ்டஸ் இல்லை என்று வந்தால் பழைய ஒப்பந்தம் அப்படியே தொடரும், மாமாவுக்கு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்து வேலையை முடிக்கச் சொல்லலாம்.

இன்சுலேட்டிங் போர்ட் என்று உறுதியானால், அதைக் கழற்றுவது பொதுவாக உரிமம் பெற்றவர்களின் வேலை. உரிமம் கொடுப்பது எச்.எஸ்.ஈ என்கிற சுகாதாரப் பாதுகாப்பு நிறைவேற்றகம். பட்டியல் அவர்களுடைய தளத்திலேயே இருக்கிறது. வேலை தொடங்க 14 நாட்களுக்கு முன் அந்த நிறுவனம் எச்.எஸ்.ஈக்கு அறிவிக்க வேண்டும். அவசரம் என்றால் அந்தக் காலத்தைக் குறைக்கக் கேட்கலாம், உங்கள் நிலைமையில் கேட்கச் சொல்லுங்கள். பொலித்தீன் கூடாரம் கட்டி, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துத்தான் கழற்றுவார்கள். முடிந்தபின் தனியான ஆய்வாளர் ஒருவர் காற்றைச் சோதித்து, மீண்டும் பயன்படுத்தலாம் என்ற சான்றிதழ் தருவார். அதையும் கழிவு போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டும் பத்திரத்தையும் வீட்டு உறுதியோடு வையுங்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி கேட்பார்.

இனிக் காசு. இங்கேதான் பலரும் தவறான கணக்குப் போடுகிறார்கள். மொத்தச் செலவையும் ஒப்பந்தக்காரர் தலையில் கட்ட முடியாது. ஒழுங்காகச் சோதித்துவிட்டுத் தொடங்கியிருந்தாலும் உங்கள் வீட்டிலிருந்த பலகையைக் கழற்றும் செலவு உங்களுடையதுதான். நீதிபதி அதைப் பிரித்துத்தான் பார்ப்பார். உடைத்ததால் வந்தவை வேறு: தூசி பரவிய அறைகளைச் சுத்தம் செய்வது, எறிய வேண்டி வந்த சோபாவும் கம்பளமும், வெளியே தங்கிய செலவு, மேலதிகக் காற்றுச் சோதனை. இவை அவர்மேல் போகும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் 49ஆம் பிரிவு, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. அஸ்பெஸ்டஸ் ஒழுங்குவிதிகளின் 5ஆம் விதியை மீறியவர் அந்தக் கவனத்தைக் காட்டினார் என்று வாதிடுவது லேசில்லை. கோட்டேஷனில் "அஸ்பெஸ்டஸ் இருந்தால் தனிக் கட்டணம்" என்று ஒரு வரி இருந்தாலும் அது கழற்றும் கூலிக்குத்தான் பொருந்தும். பார்க்காமல் உடைத்ததற்கு அது கவசமாகாது.

உங்கள் கடிதத்தில் இரண்டு சின்ன விஷயங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, ஹோலில் இருந்தே பேசி முடித்தது. வீட்டுக்கு வந்து முடித்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்துச் செய்யலாம் என்று அவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும், 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகள் அப்படிச் சொல்கின்றன. அறிவிக்காவிட்டால் அந்தக் காலம் மேலும் 12 மாதங்கள் வரை நீளும். அதற்குள் ரத்துச் செய்தால் இதுவரை செய்த வேலைக்கும் நீங்கள் காசு தர வேண்டியதில்லை, கட்டிய 3,200ஐயும் திருப்பிக் கேட்கலாம். வாய்ப்பேச்சில் முடித்த சொந்தக்காரர் அந்த அறிவித்தலைக் கொடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

மற்றது, கிரெடிட் கார்ட். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையான விலைக்கு, ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் நேராக அவருக்குக் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி கார்ட் நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. கட்டிய 1,200க்கு மட்டுமல்ல, ஒப்பந்த மீறலால் வந்த முழு நட்டத்துக்கும். மாமா போன்றவர்களின் பொறுப்புக் காப்புறுதியில் அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். தீர்ப்பு வாங்கியும் காசு வராமல் அலைவதைவிட இந்தக் கதவு நல்லது. டெபிட் கார்டுக்கு 75ஆம் பிரிவு இல்லை.

விற்றவர்மேல் வழக்குப் போடக் காசை இறைக்காதீர்கள். வீடு வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது இங்கே பழைய விதி. உங்கள் சட்டத்தரணி நேராகக் கேட்டதற்கு, பொய் என்று தெரிந்தோ, நம்ப நியாயமான காரணம் இல்லாமலோ விற்றவர் "இல்லை" என்று எழுதியிருந்தால் மட்டும் 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டத்தில் வழி உண்டு. வாங்கியபோது எடுத்த சேர்வே ரிப்போர்ட்டையும் ஒருமுறை வாசியுங்கள். பெரும்பாலும் "அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், சோதிக்கவும்" என்று ஒரு வரி எங்காவது இருக்கும். அது இருந்தால் சேர்வேயர்மேலும் எதுவும் நிற்காது.

உடல்நலத்துக்கு இன்று நட்டஈடு கேட்க முடியாது. எதிர்காலத்தில் நோய் வருமோ என்ற பயத்துக்கு மட்டும் நட்டஈடு கிடையாது என்று, அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2007இல் தீர்ப்பளித்துவிட்டது. ஒருமுறை சுவாசித்ததால் நோய் வரும் என்றும் இல்லை. ஆனால் குடும்ப வைத்தியரிடம் சொல்லி, என்ன நாள், எவ்வளவு நேரம், என்ன பொருள் என்று உங்கள் பதிவேட்டில் எழுதவையுங்கள். அஸ்பெஸ்டஸால் வரும் நோய்கள் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். வழக்குக்கான மூன்று வருடக் கணக்கும் நோய் தெரியவந்த நாளிலிருந்துதான் தொடங்கும். அன்று வீட்டிலிருந்தால் அந்த மாணவருக்கும் இதையே சொல்லுங்கள். அவரிடம் மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை, அவர் தங்க முடியாத நாட்களுக்கு வாடகை வாங்குவதும் நியாயமில்லை.

அப்புறம் மாமா. 1,500 கேட்டு அனுப்பிய செய்தி வாட்ஸ்அப்பில் இருந்தால் அழியாமல் படம் எடுத்து வையுங்கள். உடைந்த பலகையின் படம், பொறியியலாளரின் இரண்டு வரி, வங்கிப் பதிவு எல்லாம் ஒரு கோப்பில் போகட்டும். மீதிக் காசு கொடுக்க வேண்டாம். இனித் தொலைபேசியில் கதைக்க வேண்டாம். சோதனையில் அஸ்பெஸ்டஸ் என்று உறுதியானால் எழுத்தில் கேளுங்கள்: ஒப்பந்தத்தை ரத்துச் செய்கிறேன், கட்டியதை 14 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள், சுத்தம் செய்யும் செலவின் கணக்கு பின்னால் வரும். அதே நாளில் கார்ட் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். மொத்தம் 10,000 பவுண்டுக்குள் நின்றால் சிறு வழக்கு முறையில் நீங்களே வாதாடலாம், என்னைப் போன்ற சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. குளிருக்கு எண்ணெய் ஹீட்டர் வாங்கினால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள், அதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.